எவ்வளவு ஓட்டம், எவ்வளவு ஓய்வு: பிள்ளைகளின் நோய் எதிர்ப்புச் சக்திக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் யாராவது ஒரு அம்மா மைதானத்து ஓரம் வந்து நிற்பார். "சார், எம் பொண்ணுக்கு அடிக்கடி சளி புடிச்சுக்குது. பி.டி. பீரியட்ல ஓட விட்டுறாதீங்க, ஓரமா உக்கார வச்சிருங்க." உடற்கல்வி ஆசிரியராக இத்தனை வருஷத்தில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வேலைக்கு லீவு போட வேண்டும், கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும், இரவெல்லாம் இருமல் சத்தத்தில் விழித்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளையை உட்கார வைப்பது அந்தச் சளிக்கு மருந்தாகாது. வியர்க்க விளையாடி, வயிறாரச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்குகிற உடம்புதான் கிருமியைச் சமாளிக்கத் தயாராக இருக்கும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டின் பலனும் குறையும்.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. சளியை உண்டாக்கும் வைரஸ்களே 200-க்கு மேல் உண்டு. ஒவ்வொன்றையும் உடம்பு புதிதாகச் சந்தித்துத்தான் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே ‘சளியே பிடிக்கக் கூடாது’ என்று குறிக்கோள் வைக்காதீர்கள். பிடித்த சளி சீக்கிரம் ஆற வேண்டும், பிள்ளை தெம்பாக எழுந்து ஓட வேண்டும். அது போதும்.

ஓடும்போது உள்ளே என்ன நடக்கிறது?

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஸ்கிப்பிங் ஆடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் இருபது குதிப்புக்குக் கயிறு தரையில் படும் சத்தம் மட்டும் கேட்கும். ஐம்பதைத் தாண்டும்போது மேலுதட்டில் வியர்வை பூக்கும், கன்னம் சூடேறும், மூச்சு வாய் வழியாக வரும். அந்த நேரத்தில் உள்ளே அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, ரத்தம் விசையோடு பாய்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடந்தவை, மண்ணீரலில் தங்கியிருந்தவை என்று வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாக ரத்த ஓட்டத்துக்குள் இறங்குகின்றன. முன்வரிசையில் வருபவை இயற்கைக் கொல்லி அணுக்கள். வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு அழிப்பது இவற்றின் வேலை. சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் இவற்றின் எண்ணிக்கை சில மடங்கு ஏறிவிடும். கயிற்றைக் கீழே போட்டதும் இறங்கத் தொடங்கும். பயிற்சி நீண்டதாகவும் கடுமையாகவும் இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் வழக்கமான அளவுக்கும் கீழே போய், ஒரு நாளுக்குள் பழையபடி ஆகும்.

இந்த இறக்கத்தை வைத்துத்தான் ‘கடுமையாக ஓடினால் எதிர்ப்புச் சக்தி குறையும்’ என்ற பேச்சு வந்தது. 1987-ல் நடந்த லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தானை அமெரிக்க ஆய்வாளர் டேவிட் நீமன் ஆராய்ந்தார். ஓடி முடித்தவர்களில் 12.9 சதவீதம் பேர் அடுத்த ஒரு வாரத்தில் சளி, தொண்டைக் கரகரப்பு என்றார்கள். அதேபோலப் பயிற்சி எடுத்திருந்தும் அன்று ஓடாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.2 சதவீதம்தான். 2018-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேம்பெல், டர்னர் இருவரும் இதை வேறு விதமாக விளக்கினார்கள். அணுக்கள் அழிந்து போகவில்லை. நுரையீரல், குடல் போன்ற, கிருமி நுழையக்கூடிய இடங்களுக்குக் காவலுக்குப் போயிருக்கின்றன. ஓட்டக்காரர்களுக்குச் சளி பிடிப்பதற்குக் கூட்ட நெரிசல், பயணம், தூக்கமின்மை, மனஅழுத்தம் இவைதான் பெரிய காரணம் என்றார்கள். எனக்கு இந்த விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது. மாநிலப் போட்டிக்குப் போய் மண்டபத்துத் தரையில் ஐம்பது பேரோடு படுத்து எழுந்து வரும் பிள்ளைகள் சளியோடு திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளைகள் இங்கே தினமும் ஓடும்போது அப்படி ஆவதில்லை.

பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களின் சின்ன அச்சு என்று நினைத்துவிடக் கூடாது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிரையன் டிம்மன்ஸ் குழு பிள்ளைகளையும் பதின்பருவத்தினரையும் சைக்கிள் மிதிக்க வைத்து ரத்தத்தைச் சோதித்தது. பெரியவர்களிடம் காணும் ஏற்ற இறக்கம் பிள்ளைகளிடம் மிதமாக இருந்தது. பருவம் எய்தும் காலத்தில் ஹார்மோன்களோடு சேர்ந்து இதுவும் மாறுகிறது. வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி அணுக்களைப் பக்குவப்படுத்தும் தைமஸ் சுரப்பி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருப்பது, குழந்தைப் பருவத்தில்தான் மும்முரமாக வேலை செய்யும். பருவம் எய்திய பிறகு மெல்லச் சுருங்கிவிடும்.

இன்னும் இரண்டு பலன்கள் உண்டு. வெள்ளையணுக்களைச் சுமந்து உடம்பெங்கும் ஓடும் நிணநீருக்கு இதயம் போல ஒரு பம்பு கிடையாது. தசை சுருங்கி விரியும் அழுத்தம்தான் அதைத் தள்ள உதவுகிறது. நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஓட்டம் மந்தமாகவே இருக்கும். அடுத்தது, வேலை செய்யும் தசையே இன்டர்லூகின்-6 போன்ற, செல்களுக்குச் செய்தி சொல்லும் பொருட்களை ரத்தத்தில் விடுகிறது. அதைத் தொடர்ந்து உடம்பு அழற்சியைத் தணிக்கும் பொருட்களைச் சுரக்கிறது. அளவுக்கு மீறிய கொழுப்பு உடம்பில் அணையாத கங்கு போல ஓயாத அழற்சியை உண்டாக்கும். குண்டாக இருக்கும் பிள்ளை தினமும் ஓடி ஆடினால், எடை குறையத் தொடங்கும் முன்பே இந்த அழற்சி தணிய வாய்ப்புண்டு. அதனால் தராசு முள்ளைப் பார்த்து ஏமாற்றம் அடையாதீர்கள், பிள்ளையையும் திட்டாதீர்கள்.

படி 1: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

40 பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு வாரம், தினமும் இரவு, பிள்ளை எத்தனை நிமிடம் மூச்சு வாங்கும்படி அசைந்தது என்று எழுதுங்கள். பள்ளிக்குச் சைக்கிள் மிதித்தது சேரும், வேகமாக நடந்தது சேரும், தெருவில் ஓடிப்பிடித்து ஆடியது சேரும். வேனில் போனது சேராது. பி.டி. பீரியட்டில் உண்மையிலேயே விளையாடினார்களா என்றும் கேளுங்கள். பல பள்ளிகளில் அந்தப் பீரியட்டைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிடுகிறார்கள், பத்தாம் வகுப்பு வந்தால் கேட்கவே வேண்டாம். இதைப் பெற்றோர் கூட்டத்தில் தயங்காமல் எழுப்புங்கள். நாங்கள் ஆசிரியர்கள் சொல்வதைவிட நீங்கள் கேட்டால் நடக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை: 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடல் அசைவு வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கும் ஆட்டம் இருக்க வேண்டும். உலக அளவில் 11 முதல் 17 வயதுக்காரர்களில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை என்று 2016-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. பெண்பிள்ளைகளில் இது 85 சதவீதம், பையன்களில் 78. உங்கள் நோட்டில் 15 நிமிடம்தான் வருகிறது என்றால் பதற வேண்டாம். அங்கிருந்து தொடங்குவோம்.

படி 2: முதல் நான்கு வாரம்

எழுதிய சராசரியோடு தினமும் பத்து நிமிடம் மட்டும் கூட்டுங்கள். அடுத்த வாரம் இன்னொரு பத்து. முதல் நாளே ஒரு மணி நேரம் ஓட வைத்தால் மறுநாள் கால் வலி, மூன்றாம் நாள் அழுகை, நான்காம் நாள் எல்லாம் நின்றுவிடும். அளவு சரியா என்று பார்க்க வாட்ச் எதுவும் வாங்க வேண்டாம், பேச்சுக் கொடுங்கள். ஆடும்போது பிள்ளையால் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அது மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் கடுமையான வேகம். அதுவும் வேண்டும், கொஞ்ச நேரத்துக்கு.

என்ன ஆட்டம் என்பதைப் பிள்ளையிடமே விடுங்கள். பாண்டி, பச்சைக்குதிரை, கோ-கோ, கபடி, ஸ்கிப்பிங், சிலம்பம், மொட்டை மாடியில் ஷட்டில், எதுவானாலும் சரி. பச்சைக்குதிரையும் கபடியும் தசை, எலும்பு இரண்டுக்கும் வலு தரும், ஜிம் தேவையில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட ஆடினால் நான்கு வாரத்தில் பழக்கமாகிவிடும். தாத்தாவோடு மாலை நடை போகத் தொடங்கி, பிறகு தாத்தாவை முந்திக்கொண்டு ஓடும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். வயசுக்கு வந்த மறுமாதமே மைதானத்திலிருந்து காணாமல் போகிறவர்கள் அதிகம். "பெரிய பொண்ணாயிட்டா, இனிமே எதுக்கு சார் ஓட்டம்" என்கிறார்கள். அந்த வயதில்தான் அவளுக்கு ஓட்டம் கூடுதலாகத் தேவை. மாதவிடாய் நாட்களில் அவளுக்கு முடியும் என்றால் ஆடலாம், முடியவில்லை என்றால் ஓய்வெடுக்கட்டும். நல்ல உள்ளாடை, மாற்று நாப்கின், பூட்டக்கூடிய கழிவறை, இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலான பெண்கள் திரும்பி வருவார்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையையும் ஓரம் கட்டாதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரை அவர் சொன்ன நேரத்தில் எடுத்து, பத்து நிமிடம் மெதுவாக வார்ம்-அப் செய்து தொடங்கினால் பெரும்பாலானவர்கள் நன்றாகவே ஆடுவார்கள். இன்ஹேலர் வீட்டில் இருந்து பயனில்லை, மைதானத்துக்குக் கொண்டுவரும் பையில் இருக்க வேண்டும்.

படி 3: வெயிலும் தண்ணீரும்

காலை எட்டு மணிக்குள், மாலை ஐந்துக்கு மேல். நம் ஊர் வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். கோடை விடுமுறை முடிந்து வரும் பிள்ளையை முதல் வாரமே வாட்டக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனி பாட்டில் அவசியம். ஒரே பாட்டிலில் வாய் வைத்துப் பதினோரு பேர் குடிக்கும் அணியில் ஒருவருக்கு வந்த தொண்டை வலி வார இறுதிக்குள் பாதிப் பேருக்கு வந்துவிடும். ஆடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே தின்பண்டம்.

படி 4: தட்டும் தூக்கமும்

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019–21, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று கண்டது. மைதானத்தில் இது எப்படித் தெரியும்? முதல் ரவுண்டு நன்றாக ஓடிய பெண் இரண்டாவது ரவுண்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். இரும்புச்சத்து இல்லாமல் தசைக்கு ஆக்சிஜனும் போதாது, வெள்ளையணுக்களும் சரியாகப் பெருகாது. அப்படிப்பட்ட பிள்ளையை இன்னும் ஓடு என்று விரட்டினால் தீமைதான். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு பயிற்சி. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுவிடாமல் சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொல்லுங்கள். பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 தேதிகளில் குடற்புழு நீக்க மாத்திரை தருகிறார்கள், அதையும் தவறவிடாதீர்கள். கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, மீன், ஈரல் இவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதைத் தடுக்கும்.

‘இம்யூனிட்டி பவுடர்’ என்று விற்கும் டப்பாக்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். வெறும் வயிற்றோடு காலைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு ஒரு வாழைப்பழமாவது கொடுத்து அனுப்புங்கள். நீண்ட பயிற்சியில் மாவுச்சத்து குறைந்தால் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் அழுத்த ஹார்மோனான கார்டிசால் கூடுதலாக ஏறும்.

தூக்கத்தில் சமரசம் வேண்டாம். 6 முதல் 12 வயதுக்கு 9–12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8–10 மணி நேரம். இரவு பத்து வரை டியூஷன், பதினொன்றரை வரை செல்போன், காலை ஐந்துக்குப் பயிற்சி என்று ஓடும் பிள்ளைக்கு அந்தப் பயிற்சியால் நன்மை இல்லை. இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்றால் அன்றைய காலைப் பயிற்சியை விடுங்கள், தூங்கட்டும். பயிற்சியாளர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

படி 5: அளவு மீறுகிறதா?

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குறைவுதான் பிரச்சினை. ஆனால் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் சாய்வார்கள். அமெரிக்காவில் இளம் விளையாட்டு வீரர்களை ஆராய்ந்தவர்கள், வாரத்தில் தன் வயதைவிட அதிக மணி நேரம் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்குக் காயம் அதிகம் என்று கண்டார்கள். 12 வயதுப் பிள்ளைக்கு வாரம் 12 மணி நேரம் என்பது ஒரு எளிய எல்லை. வாரத்தில் ஒரு முழு நாளாவது ஓய்வு. காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பை எண்ணி அதே நோட்டில் எழுதுங்கள். பல நாள் தொடர்ந்து வழக்கத்தைவிட ஏறி இருந்தால், கூடவே சிடுசிடுப்பும் பசியின்மையும் திரும்பத் திரும்பத் தொண்டை வலியும் இருந்தால், ஒரு வாரம் பயிற்சியைப் பாதியாக்குங்கள். பெண்பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோனால் அது ஓட்டத்துக்கேற்ற உணவு இல்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 6: சளி, காய்ச்சல் நாட்களில்

கழுத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு ஒழுகல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு, இவை மட்டும் என்றால் மெதுவாக நடக்கலாம், லேசாக ஆடலாம், மற்ற பிள்ளைகளிடமிருந்து சற்றுத் தள்ளி. பத்து நிமிடத்தில் சோர்வு கூடினால் நிறுத்திவிட வேண்டும். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி, வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் ஆட்டம் கிடையாது. போட்டியாக இருந்தாலும் கிடையாது.

இதில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். குறுவட்டப் போட்டி, 1500 மீட்டர் ஓட்டம். முந்தின இரவு காய்ச்சலடித்த பையனுக்கு வீட்டில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. "ஓடுறேன் சார்" என்றான், விட்டேன். மூன்றாவது சுற்று வளைவில் அவன் கால்கள் ஒன்றோடொன்று இடிப்பது தெரிந்தது. நான் ஓடிச் சேர்வதற்குள் தரையில் விழுந்திருந்தான். உதடு வெளுத்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து நல்லபடியாகத் திரும்பினான். மாத்திரை சூட்டைத்தான் மறைக்கும், வைரஸ் உள்ளேதான் இருக்கும். சில வைரஸ்கள் இதயத் தசையைத் தாக்கும், அந்த நேரத்தில் ஓட்டம் ஆபத்து என்பதை டாக்டர் அன்று எனக்கு உட்கார வைத்துச் சொன்னார். இப்போது போட்டிக்கு முன் ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘நேத்து ராத்திரி என்ன மாத்திரை போட்ட?’ என்று கேட்காமல் கோட்டில் நிறுத்துவதில்லை.

மழைக்கால டெங்குவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் காய்ச்சல் இறங்கும் நாட்கள்தான் ஆபத்தானவை; ‘சூடு விட்டுருச்சு’ என்று பிள்ளையை வெளியே அனுப்பினால் அப்போதுதான் ரத்தக்கசிவும், ரத்த அழுத்தம் சரியும் அதிர்ச்சி நிலையும் வரலாம். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் கொடுக்கக் கூடாது. தட்டணுக்கள் சரியாகி, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கபடி, கோ-கோ, குதித்தல் எதுவும் வேண்டாம். அதற்குப் பிறகும் சில வாரம் களைப்பு இருக்கும், அவசரப்படுத்தாதீர்கள்.

தடுப்பூசி போட்ட நாளில் பிள்ளை தெம்பாக இருந்தால் விளையாடத் தடையில்லை. கையை அசைத்துக்கொண்டிருப்பது நல்லது. ஆனால் எத்தனை ஓட்டம் ஓடினாலும் அது தடுப்பூசிக்கு ஈடாகாது. 10, 16 வயதில் போடும் டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகு நான் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும் முறை இது. மாத்திரை இல்லாமல் முழுதாக ஒரு நாள் காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான், மாடிப்படி ஏறினால் வழக்கம்போல இருக்கிறான் என்றால் முதல் நாள் 15 நிமிட நடை மட்டும். இரண்டாம் நாள் மெதுவான ஓட்டம், இடையிடையே நடை. மூன்றாம் நாள் பாதி நேர ஆட்டம். நான்காம், ஐந்தாம் நாளில் முழு ஆட்டம். எந்த நாளிலாவது மறுநாள் காலை வரை களைப்பு விடவில்லை என்றால் முந்தைய நாளின் அளவுக்குத் திரும்ப வேண்டும். நெஞ்சு வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல், படபடப்பு, மயக்கம், இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் ஆட்டத்தை அந்த நிமிடமே நிறுத்தி, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது அந்த நோட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.